பெரிய சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

பொங்கல் விடுமுறைக்கு வடமதுரை வந்திருந்த என் பேத்தி மூன்று நாளும் மடிக்கணினியை விட்டு எழுந்திருக்கவில்லை. பொறியியல் கடைசி வருடம் படிக்கிறாள்.

"என்ன கண்ணு, வந்ததிலிருந்து சௌந்தரராஜப் பெருமாளைக்கூட எட்டிப் பார்க்கல. அப்படி என்ன வேலை?" என்று கேட்டேன்.

"எங்க டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு நோட்புக் சர்வர் போட்டுக் குடுக்கணும் தாத்தா. அறுபது பேர் ஒரே நேரத்துல வேலை செய்யணும். ஆனா சர்வரைப் பார்த்துக்கிற சார் ரூட் தர மாட்டேங்கிறார்."

"ரூட்டுன்னா என்னம்மா?"

"பெரிய சாவி மாதிரி. அது கையில இருந்தா எதை வேணும்னாலும் திறக்கலாம், யாரோட ஃபைலை வேணும்னாலும் அழிக்கலாம்."

"அதைத் தர மாட்டேன்னு சொன்னாரா? அப்ப அவர் நல்ல அதிகாரிதான்" என்றேன். அவள் முறைத்தாள். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. அதற்கு வருமுன், இந்தப் பெரிய சாவியின் வரலாற்றைச் சொல்கிறேன். பேத்தி சொல்லிக் கொடுத்ததும், பிறகு நானே தேடிப் படித்ததும் சேர்ந்தது இது. பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சாவியைப் பற்றி எழுதாவிட்டால் எப்படி?

நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். பிரெஞ்சில் கணினிக்கு 'ஒர்தினாத்தர்' என்று பெயர். 1955-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளை தங்கள் புதிய இயந்திரத்துக்கு ஒரு பெயர் கேட்டபோது, ழாக் பெர்ரே என்ற இலத்தீன் பேராசிரியர் எடுத்துக் கொடுத்த சொல் அது. உலகத்தை ஒழுங்குபடுத்தும் கடவுளைக் குறிக்கப் பழைய அகராதியில் அந்தச் சொல் இருப்பதையும் அவர் கடிதத்தில் குறிப்பிட்டிருந்தார். ரூட் பற்றிப் பேத்தி சொன்னதும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. இயந்திரத்துக்குள்ளேயும் ஒரு கடவுள் இருக்கிறார் போலும்.

ஆரம்பத்தில் இந்தச் சிக்கலே கிடையாது. இயந்திரத்தை ஒரு நேரத்தில் ஒருவர் வேலைக்குத்தான் பயன்படுத்த முடிந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-ல் ஐ.பி.எம். 370/155 என்ற பெரிய கணினி வந்தது. அந்தக் காலத்து முறை, துளையிட்ட அட்டைக் கட்டை ஜன்னலில் கொடுத்துவிட்டுப் போய், பிறகு வந்து அச்சடித்த தாளை வாங்கிக்கொள்வது. இயந்திரத்தின் பக்கத்திலேயே போகாதவனுக்குச் சாவி எதற்கு? நம் தாலுகா ஆபீசில் மனுவைக் கொடுத்துவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் காத்திருப்பது மாதிரிதான்.

பலர் ஒரே நேரத்தில் ஒரே இயந்திரத்தில் உட்காரும் ஏற்பாட்டை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ என்பவர் 1961-ல் செய்து காட்டினார். ஆளுக்கு ஒரு கணக்கு, ஆளுக்கு ஒரு பாஸ்வேர்ட். அடுத்த ஆண்டே களவும் வந்துவிட்டது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம்தான் ஒதுக்கீடு, அது போதவில்லை. பாஸ்வேர்ட் கோப்பு முழுவதையும் அச்சடிக்கும்படி இயந்திரத்துக்கே ஒரு மனுப் போட்டார். இயந்திரமும் மறுபேச்சில்லாமல் அச்சடித்துக் கொடுத்துவிட்டது. அவர் இதை ஒப்புக்கொள்ளக் கால் நூற்றாண்டு ஆயிற்று.

1960-களின் நடுவில் அதே இயந்திரத்தில் இன்னொரு கூத்து நடந்தது. நிர்வாகத்தில் ஒருவர் வரவேற்புச் செய்தியைத் திருத்திக்கொண்டிருந்தார், இன்னொருவர் பாஸ்வேர்ட் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். இரண்டும் இடம் மாறிவிட்டன. அதன்பின் உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் வரவேற்புச் செய்திக்குப் பதிலாக எல்லாருடைய பாஸ்வேர்டும் அச்சாகி வந்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அளவுக்கு மீறிய அதிகாரம் உள்ளவர் கை தவறினால் அந்தத் தவறும் அளவுக்கு மீறியதாகவே இருக்கும்.

1969-ல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். இன்றைய லினக்ஸுக்கு முன்னோடி அதுதான். தமிழக அரசு 2011 முதல் பிள்ளைகளுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் பாஸ் லினக்ஸ் என்று ஒன்று இருந்ததே, சென்னை சி-டாக் நிறுவனத்தில் உருவானது, அதுவும் இந்த வம்சம்தான். யூனிக்ஸில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். சாதாரண ஆளுக்கு அவரவர் அறைக்குள்தான் அதிகாரம். எண் 0 உள்ளவர் மட்டும் எந்தக் கதவையும் தட்டாமல் போகலாம். அவருக்குப் பெயர்தான் ரூட், அதாவது வேர்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. ஒருவர் தன் பாஸ்வேர்டை மாற்ற வேண்டுமானால் பொதுக் கோப்பில் எழுதியாக வேண்டும். அந்தக் கோப்பில் எழுத ரூட்டால்தான் முடியும். அதற்காக எல்லாரையும் ரூட்டாக ஆக்கலாமா? ரிட்சி ஒரு வழி கண்டார். குறிப்பிட்ட ஒரு நிரல் ஓடும்போது மட்டும், அந்த ஒரு வேலைக்கு மட்டும், அதற்கு உடையவரின் அதிகாரம் கிடைக்கும். வேலை முடிந்ததும் போய்விடும். இதற்கு 1973-ல் விண்ணப்பித்து 1979-ல் காப்புரிமை கிடைத்தது. பிறகு அதை உலகத்துக்குப் பொதுவாக விட்டுவிட்டார்கள்.

1980 வாக்கில் நியூயார்க் மாநிலத்து பஃபலோ பல்கலைக்கழகத்தில் பாப் காகஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் அடுத்த படியை எடுத்தார்கள். அவர்கள் எழுதிய நிரலின் பெயர் 'சூடூ'. தமிழ்க் காதுக்குச் சூடு வைப்பது போல ஒலிக்கிறது. ஆனால் அது செய்வது என் காதுக்கு மிகப் பழக்கமான வேலை.

அரசு அலுவலகத்தில் இருந்தவர்கள் சொல்லாமலே புரிந்துகொள்வீர்கள். ஆட்சியர் அலுவலகக் கடிதம் எல்லாவற்றிலும் ஆட்சியரே கையெழுத்துப் போடுவதில்லை. 'மாவட்ட ஆட்சியருக்காக' என்று போட்டு, அதற்கு அனுமதி பெற்ற அலுவலர் ஒப்பமிடுவார். பிரெஞ்சுக்காரர்கள் இதையே 'பார் ஒர்த்ர்', உத்தரவின்படி, என்று போடுவார்கள். அவர் ஆட்சியர் ஆகிவிடவில்லை. ஆட்சியரின் முத்திரையும் நாற்காலியும் அவருக்கு வந்துவிடவில்லை. இன்ன வகைக் கடிதத்தில் மட்டும் ஒப்பமிடலாம் என்று எழுத்தில் உத்தரவு இருக்கிறது, கீழே இருப்பதும் அவருடைய சொந்தக் கையெழுத்து. பின்னால் கேள்வி வந்தால் யார் போட்டது என்று தெரியும்.

சூடூவும் அப்படியே. இன்னார், இன்னாருக்காக, இன்ன வேலையை மட்டும் செய்யலாம் என்று ஒரு கோப்பில் வரி வரியாக எழுதி வைக்கிறார்கள். செய்தது யார், எப்போது, என்ன என்று பதிவேட்டில் ஏறிவிடுகிறது. ரூட் பாஸ்வேர்டை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. 1975-ல் சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இரண்டு பேர் இதை ஒரு கோட்பாடாகவே எழுதி வைத்தார்கள்: ஒவ்வொருவருக்கும் அவர் வேலைக்கு வேண்டிய மிகக் குறைந்த அதிகாரம் மட்டும் போதும்.

இனிப் பேத்தியின் நோட்புக். இது நம் நோட்டுப் புத்தகம் போலத்தான். ஒரு பத்தி விளக்கம், அடியில் கணக்கு, அதன் அடியில் விடை, வேண்டுமானால் ஒரு வரைபடம். கணக்கை மாற்றி மறுபடி ஓட்டினால் விடை தானே மாறும். 2001-ல் ஃபெர்னாண்டோ பெரெஸ் என்ற கொலம்பியா நாட்டு இயற்பியல் மாணவர் தொடங்கி வைத்த பணி, 2014-ல் ஜூபிட்டர் என்று பெயர் பெற்றது. ஜூலியா, பைத்தான், ஆர் என்ற மூன்று கணினி மொழிகளின் பெயரிலிருந்து வந்தது அது. வியாழனின் நிலவுகளைக் கலிலியோ குறித்து வைத்த நோட்டுக்கும் அதில் ஒரு வணக்கம் உண்டு. பலர் சேர்ந்து உபயோகிக்க ஏற்பட்டது ஜூபிட்டர் ஹப். அதை வளர்த்தவர்களில் சென்னையிலிருந்து போன யுவி பாண்டாவும் ஒருவர் என்று பேத்தி பெருமையோடு சொன்னாள்.

இந்த ஹப் ஏன் ரூட் கேட்கிறது? இரண்டு வேலைகளுக்காக. வருகிறவரின் பாஸ்வேர்ட் சரியா என்று பார்க்க வேண்டும். பிறகு அந்த மாணவருக்கான நோட்புக்கை அந்த மாணவர் பெயரிலேயே தொடங்கி வைக்க வேண்டும். மற்றவர் பெயரில் ஒன்றைத் தொடங்கச் சாதாரண ஆளுக்கு உரிமை இல்லை. அதனால் பலரும் ஹப்பையே ரூட்டாக ஓட்டிவிடுகிறார்கள். வெளி உலகத்தைப் பார்த்து வாசலில் நிற்கும் நிரல் அது. அதில் ஓர் ஓட்டை விழுந்தால், நுழைகிறவன் கையில் பெரிய சாவியே கிடைத்துவிடும்.

ரூட் இல்லாமல் ஓட்டவும் வழி சொல்லியிருக்கிறார்கள். ஹப்புக்கென்று சாதாரணக் கணக்கு ஒன்று. அவர்களுடைய உதாரணத்தில் அதன் பெயர் ரேயா. கிரேக்கப் புராணத்தில் சீயுஸின் தாய். சீயுஸைத்தான் ரோமர்கள் ஜூபிட்டர் என்றார்கள். மாணவர்களை ஒரு குழுவாகப் பெயர் எழுதி வைக்க வேண்டும். பிறகு சூடூ கோப்பில் ஒரு வரி: இந்தக் குழுவில் உள்ளவர் பெயரில், நோட்புக்கைத் தொடங்கி வைக்கும் இந்த ஒரு நிரலை மட்டும் ரேயா ஓட்டலாம். வேறு எதையும் ஓட்டக்கூடாது. குழுவில் இல்லாத பேராசிரியர் பெயரில் ஒன்றும் செய்ய முடியாது. பாஸ்வேர்டைச் சரிபார்க்க, அதற்குரிய கோப்பைப் படிக்க மட்டும் அனுமதி; எழுத அனுமதி இல்லை. இந்த வரிகளை ஒரு முறை எழுதிக் கொடுக்கத்தான் ரூட் வேண்டும். அதை அந்த சாரே எழுதிக் கொடுக்கலாம். சாவி அவர் இடுப்பிலேயே இருக்கும்.

"கருவூலத்துல டபுள் லாக், சிங்கிள் லாக்னு இருக்கும் கண்ணு" என்றேன் அவளிடம். முத்திரைத்தாள் எல்லாம் இரட்டைப் பூட்டுக்குள் இருக்கும். இரண்டு சாவியும் இரண்டு பேரிடம். ஒருவர் இல்லாமல் மற்றவர் திறக்க முடியாது. அன்றாடத் தேவைக்கு மட்டும் எடுத்து ஒற்றைப் பூட்டுக்குள் வைத்து, பதிவேட்டில் எழுதி, விற்பனை நடக்கும். ஒற்றைப் பூட்டில் தவறு நடந்தால் அன்றைய சரக்கோடு போகும், அறை முழுவதும் போகாது. "உன் ரேயா அந்த சிங்கிள் லாக்தானே?" என்றதும்தான் அவள் முறைப்பதை விட்டாள்.

இப்போது அந்தப் பழைய கதை. 2000-களின் தொடக்கம். ஊர், அலுவலகம் எதுவும் வேண்டாம். எங்கள் பிரிவுக்கு முதல் கணினி வந்தது. ஒரே ஒரு கணக்கு, அது அதிகாரி பெயரில். பாஸ்வேர்ட் ஒரு துண்டுத் தாளில் விசைப்பலகைக்கு அடியில். பில் போடுகிறவர், டைப் அடிக்கிறவர், நான், எல்லாரும் அதிகாரியாகவே உள்ளே போவோம். வேலை வேகமாக நடந்தது. யாருக்கும் உறுத்தவில்லை.

ஒரு மார்ச் மாதம், ஒருவருக்குக் கொடுத்த நிலுவைத் தொகையே மறுபடி பில்லாகிப் போயிருப்பது தணிக்கையில் தெரிந்தது. யார் போட்டது? கணினியைக் கேட்டால் அதிகாரி என்றது. அதிகாரி தனக்குத் தட்டச்சே தெரியாது என்றார். அது உண்மைதான். கடைசியில் அந்த நாற்காலியில் அதிக நேரம் உட்கார்ந்திருந்தவன் யார் என்று பார்த்தார்கள். இளநிலை உதவியாளர், கல்யாணமாகி ஆறு மாதம். அவருக்கு 17(பி) குறிப்பாணை. ஓர் ஊதிய உயர்வு நின்றது. பதவி உயர்வுப் பட்டியலிலும் அவருக்குக் கீழே இருந்தவர்கள் மேலே போனார்கள்.

விசாரணையில் என்னிடம் கேட்டார்கள்: "கணினியில் வேலை பார்த்தது யார்?" "வழக்கமாக அவர்தான்" என்றேன். பொய் இல்லை. ஆனால் அந்த பாஸ்வேர்ட் எனக்கும் தெரியும், பிரிவில் எல்லாருக்குமே தெரியும், நானும் அதில் பில் போட்டிருக்கிறேன் என்று சொல்லவில்லை. ஓய்வுக்கு இன்னும் சில வருடங்களே இருந்தன. அந்தத் தொகையை நானே போட்டிருக்கலாம் என்பதுகூட எனக்கு இன்றுவரை ஒரு சந்தேகம். பதிவேடு இல்லாததால் என் சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ள வழியில்லை.

இதைப் பேத்தியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அந்த அங்கிள் இப்ப எங்க இருக்கார் தாத்தா?" என்றாள். போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார். துக்கத்துக்குப் போய் மாலை போட்டேன்; சொல்ல வேண்டியதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

ஊருக்குப் போய் நாலாம் நாள் பேத்தி ஃபோன் செய்தாள். அந்த சார் உட்கார்ந்து சூடூ கோப்பில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தாராம். ரூட் கேட்கவில்லை என்பதே அவருக்கு ஆச்சரியமாம். அறுபது பேரும் அவரவர் பெயரில் உள்ளே போகிறார்களாம்.

"பதிவேடு ஓடுதா?" என்று கேட்டேன்.

"ஓடுது தாத்தா. முதல் வேலையா அதைத்தான் பார்த்தேன்."