கோணிய கதவும் தொம்மலூர் நிலைக்காலும்

போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டு அலமாரிக் கதவு மூட மறுத்துவிட்டது. அப்பா ஊரில் ஆசாரியை வைத்துச் செய்த தேக்கு அலமாரி. மாற்றலாகி பெங்களூர் வந்தபோது லாரியில் கூடவே வந்தது. "பழைய சாமான்காரருக்குப் போட்டுட்டு புதுசு வாங்கலாமே" என்றார் தங்கமணி. அப்பாவின் நினைவாக இருப்பது இது ஒன்றுதான். மனசு வரவில்லை. கதவுகளின் சரித்திரத்தைக் கொஞ்சம் கிளறினேன்.

முதல் தகவல் எங்கள் பேட்டையிலேயே கிடைத்தது. தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. தேசிமாணிக்கப்பட்டணம் என்று இந்த ஊருக்கு இன்னொரு பெயர் இருந்ததும் கல்வெட்டுகளால்தான் தெரிகிறது. அழகியார் என்பவர் கோயிலுக்கு இரண்டு நிலைக்கால்கள் கொடுத்ததை 1270ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. கதவு மாறினாலும் நிலை நிற்கும் என்று நினைத்திருப்பாரோ? இது என் ஊகம்தான்.

கதவு ஏன் மாறுகிறது? மரம் ஈரத்தைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் அசைவு மிகக் குறைவு, அகலத்தில்தான் ஆட்டம். அதிலும் வளையங்களை ஒட்டிய திசையில் சுருக்கம் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

இதைச் சமாளிக்க முன்னோர்கள் இரண்டு வழி கண்டார்கள். ஒன்று, சட்டம் கட்டி, அதன் காடியில் பலகையை ஒட்டாமல் செருகுவது. பலகை உள்ளேயே விரிந்து சுருங்கிக்கொள்ளும். கி.பி. 79ல் வெசுவியஸ் எரிமலை மூடிய ஹெர்குலேனியத்தில், கரியாகிப்போன மரத்தடுப்புக் கதவுகளில் இந்தச் சட்டவேலையைப் பார்க்கலாம். இன்னொன்று, மெல்லிய தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குவது. எகிப்தின் சக்காராவில், 4500 ஆண்டுகளுக்கும் முந்தைய சவப்பெட்டித் துண்டு ஒன்றில் ஆறு அடுக்குகள் இருந்தன. இன்றைய பிளைவுட்டின் பாட்டன்!

மரத்தின் குணத்தை ஆராய்வதில் பெங்களூருக்கும் பங்குண்டு. மைசூர் சமஸ்தானம் 1938ல் இங்கே தொடங்கிய வன ஆராய்ச்சிக்கூடம்தான் 1988ல் மல்லேஸ்வரத்தின் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்தது.

சரி, நம் கதவுக்கு வருவோம். வந்து பார்த்த ஆசாரி கேட்ட முதல் கேள்வி, "உள்பக்கம் பாலிஷ் போடலையா சார்?" இல்லை. அது ஒற்றைப் பலகைக் கதவு. பாலிஷ் இல்லாத உள்பக்கம் ஈரம் குடித்து உப்ப, ஓரங்கள் வெளியே வளைந்திருக்கின்றன. பேலன்ஸ் ஷீட் மாதிரி, இரண்டு பக்கமும் டேலி ஆக வேண்டுமாம்!

கீல்களைக் கழற்றினார். குழிந்த வெளிப்பக்கத்துப் பாலிஷைத் தேய்த்தெடுத்து, ஈரத்துணி போட்டார். உப்பிய உள்பக்கத்துக்கு இளவெயில் காட்டினார். பிறகு கட்டைகளுக்கு நடுவே வைத்து, தினம் கொஞ்சமாக முறுக்கினார். அவசரப்பட்டு ஒரே நாளில் முறுக்கினால் பிளந்துவிடுமாம். பத்து நாள் நிழலில் காய்ந்த பிறகு, இரண்டு பக்கமும் ஒரே அளவு பாலிஷ். நடுவில் மூன்றாவதாக ஒரு கீல்.

இப்போது கதவு மூடுகிறது. கீழ் ஓரத்தில் மட்டும் ஒரு நூல் அளவு இடைவெளி. அதைச் சரிசெய்யலாமா என்று கேட்டேன். "அடுத்த மழை முடியட்டும் சார், மரம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்" என்றார். காத்திருக்கிறேன்.