பினாப்தலீன்: பெயருக்குள் எரியும் இரண்டு விளக்குகள்

பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் 'ஃபீனால்ஃப்தலீன்' என்று முழுப் பெயரையும் நாக்கு புரளாமல் சொன்னவர்கள் குறைவு. ஆய்வகத்தில் அது எப்போதுமே பினாப்தலீன்தான். இதில் குற்றமொன்றுமில்லை. அந்தப் பெயரே வெட்டி ஒட்டியதுதான்.

1871இல் ஜெர்மனியின் அடால்ஃப் ஃபான் பேயர் ஃபீனாலையும் ஃப்தாலிக் நீரிலியையும் சேர்த்துச் சூடாக்கி இதைத் தயாரித்தார். இரண்டு சரக்கின் பெயரையும் கோத்து வாலில் 'ஈன்' சேர்த்தார், பெயர் முடிந்தது.

தலைப்பகுதி, ஒளிர்தலைக் குறிக்கும் கிரேக்க வேரிலிருந்து வந்தது. விளக்கெரிக்கத் தயாரித்த வாயுவில் படிந்த எண்ணெயிலிருந்துதான் 1825இல் ஃபாரடே பென்சீனைப் பிரித்தார். அதனால் பிரெஞ்சுக்காரர் ஓகஸ்ட் லோரான் பென்சீனுக்கு 'ஃபீன்' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. ஃபீனால் போன்ற சில பெயர்களில் மட்டும் ஒட்டிக்கொண்டது.

நடுப்பகுதிக்கும் அதே லோரான்தான் பொறுப்பு. நம் பீரோவில் கிடக்கும் அந்துருண்டையின் நாப்தலீனிலிருந்து 1836இல் ஓர் அமிலத்தை எடுத்து, நாப்தலீனையே அதன் பெயரிலும் வைத்தார். அவர் எழுதிய வாய்பாடு தவறு என்று சுவிஸ் வேதியியலர் மரின்யாக் காட்டியதும், முன்னால் இருந்த 'நா'வை வெட்டிவிட்டார், மிச்சம் 'ஃப்தாலிக்'. நாக்கு சிக்குவது இந்த வெட்டுவாயில்தான்! நாப்தலீனின் மூலச்சொல்லான நாப்தா, மேற்காசிய மண்ணில் ஊறிய எரியெண்ணெய்க்குக் கிரேக்கர் கடன்வாங்கிய சொல். ஆக, பெயர் முழுக்க விளக்கும் எண்ணெயும்தான். நிறத்தைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை.

நிறமோ கண்முன் நடப்பது. கூம்புக் குடுவை அமிலத்தில் பியூரெட்டிலிருந்து காரம் சொட்டும்போது, விழுந்த இடத்தில் ரோஜா நிறம் சுழன்று, ஆட்டியதும் காணாமல் போகும். ஒரு சொட்டில் அது போகாமல் வெளிறி நின்றால் குழாயை மூட வேண்டும். அடுத்த சொட்டுக்கு ஆசைப்பட்டால் குடுவை பளீரென்று சிவந்து, கணக்கு கெட்டுவிடும். pH சுமார் 8.2 தாண்டினால்தான் நிறம் தலைகாட்டும். திறந்து வைத்தால் காற்றின் கார்பன் டைஆக்சைடே அதை வெளுத்துவிடும்.

இடையில் இது பேதி மாத்திரையாகவும் பல்லாண்டு விற்றது. புற்றுநோய் ஐயத்தால் 1990களின் இறுதியில் அமெரிக்கா கைவிட்டது. நம்மூரில் லஞ்ச ஒழிப்புப் போலீசார் நோட்டில் தடவுவதும் இதைத்தான். வாங்கிய கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் நீர் சிவக்கும். மறுநாள் செய்தித்தாள் அதை 'ரசாயனப் பொடி' என்று முடித்துக்கொள்ளும்.