ஈடு இருக்க இழப்பு எதற்கு?

உறவுக்காரப் பெண் ஒருத்திக்குப் போன மாதம் வேலை கிடைத்தது. நியமனக் கடிதம் ஆங்கிலத்திலும் தமிழிலும் வந்திருந்தது. தமிழ்ப் பக்கத்தில் ‘தங்களின் ஆண்டு இழப்பீடு’ என்று போட்டு, நேரே தொகை. “பெரியப்பா, நான் இன்னும் வேலையிலேயே சேரலே. அதுக்குள்ள எனக்கு என்ன இழப்பு?” என்றாள். ‘காம்பன்சேஷன்’ என்பதற்கு அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அதையாவது பொறுக்கலாம். புலவர் நண்பர் ஒருவர் அதற்குச் சொன்ன சமாதானத்தைத்தான் பொறுக்க முடியவில்லை: “உழைப்பவன் ஆயுளை இழக்கிறான். அதற்கு ஈடுதானே சம்பளம்? வெள்ளைக்காரன் அறிந்தே பெயர் வைத்தான்.”

வெள்ளைக்காரன் அப்படி எதையும் அறிந்து வைக்கவில்லை. சொல் இலத்தீனுடையது. ‘பெந்தெரெ’ என்றால் தொங்கவிடுதல், தராசில் நிறுத்தல். அதன் வழி வந்த ‘பென்சாரெ’யோடு, ‘உடன்’ எனப் பொருள்படும் ‘கொம்’ சேர்ந்தால் ஒன்றோடு ஒன்றை வைத்து நிறுப்பது. காசை எண்ணாமல் உலோகத்தை நிறுத்துக் கொடுத்த காலத்துச் சொல் அது. நம் தாத்தாக்கள் வாங்கிய பென்ஷனும், ஸ்பானியரின் பெசோவும் அதே தராசில் தொங்குபவை. வேரில் நிறை உண்டு, இழப்பு இல்லை. அதனால்தான் 1787இல் எழுதிய அமெரிக்க அரசமைப்பு, குடியரசுத் தலைவரும் நீதிபதிகளும் பெறும் ஊதியத்தை இச்சொல்லால் குறிக்கிறது. 1791இல் சேர்ந்த ஐந்தாம் திருத்தமோ, அரசு எடுத்துக்கொள்ளும் சொத்துக்குத் தரவேண்டிய தொகையையும் இதனாலேயே குறிக்கிறது. நமக்கு இந்தச் சொல் 1894 நிலமெடுப்புச் சட்டம், 1923 தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் வழியாகப் பழகியது. ஆகவே கேட்டவுடன் போன நிலமும் போன கையுமே நினைவில் எழுகின்றன.

இனி நம் சொல். படு பாடு ஆனது, கெடு கேடு ஆனது; இடு ஈடு ஆனது. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளிப்பிள்ளையும் சொல்லும். இட்லித் தட்டில் ஒருமுறை மாவு இட்டு எடுப்பது ஒரு ஈடு. கடனுக்கு ஒருவரிடம் இட்டு வைக்கும் நகையும் ஈடு. ‘இடுதல்’ என்ற இந்தச் சொல்லுக்கு ‘ஒப்பு’ என்னும் பொருள் எங்கிருந்து வந்தது? தராசிலிருந்துதான் என்பேன். ஒரு தட்டில் பொருள் இருக்க, மறு தட்டில் இடுவது ஈடு. முள் நேரே நின்றால் ஈடாயிற்று. நண்பரோ ‘இணை’ திரிந்து ‘ஈடு’ ஆயிற்று என்கிறார். ணகரம் டகரமானதற்கு விதி காட்டட்டும், பிறகு பேசலாம்.

வெளியிடு வெளியீடு ஆகும்; மதிப்பிடு மதிப்பீடு ஆகும். ‘இழப்பிடு’ என்று எவராவது சொல்லிக் கேட்டதுண்டா? இழப்பீடு அந்த வரிசையில் சேராது. இழப்புக்கு ஈடு என்று நான்காம் வேற்றுமை விரியும். இழப்பை உருவினால் சொல்லே நிற்காது.

குறுந்தொகை 292ஐ மறந்தவர்களுக்கு நினைவூட்டுகிறேன். ஆற்றில் மிதந்து வந்த மாங்காயைத் தின்ற குற்றத்துக்கு நன்னன் ஒரு பெண்ணுக்குக் கொலைத்தண்டம் விதித்தான். எண்பத்தொரு களிற்றையும், அவள் நிறைக்கு நிறை பொன்னால் செய்த பாவையையும் கொடுக்க முன்வந்தும் அவன் கொள்ளவில்லை என்கிறார் பரணர். இலத்தீன் சொல்லின் உட்கிடை அப்படியே இங்கே இருக்கிறது: உயிர் ஒரு தட்டில், பொன் மறு தட்டில். புறநானூறு 39இல் நப்பசலையார் பாடும் சோழர் முன்னோனான செம்பியன், புறாவுக்காகத் தந்தக் கடை வைத்த நிறைகோலில் தானே ஏறினான். நன்னன் மறுத்ததும் செம்பியன் தந்ததும் ஒரே பொருள்தான்.

கல்வெட்டுகளுக்கு வந்தால், போரில் மாண்டவன் குடிக்கு விட்ட நிலம் உதிரப்பட்டி. அது ஈடு. கைப்பிழையால் ஆளைக் கொன்றவன் கோயிலில் நந்தாவிளக்கு எரிக்கவேண்டும் என்று சோழர் காலத்தில் தீர்ப்பாகியிருக்கிறது. ஒரு விளக்குக்கு 96 ஆடு என்பது தஞ்சைப் பெரிய கோயில் கணக்கு. நெய் சாமிக்குப் போனது. அதைப் பரிகாரம் என்பேன், ஈடு என்னேன்.

சம்பளம் என்றதும் ‘சம்பா நெல்லும் அளம் என்னும் உப்பும் கொடுத்ததால் சம்பளம்’ என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். அளம் உப்பன்று, உப்பு விளையும் நிலம். கூலியாக உப்பளத்தையே எழுதிக் கொடுத்தார்களா? வடமொழியில் ‘சம்பல’ என்பது வழிச்சோறு. கன்னடத்தாரும் கூலியைச் ‘சம்பள’ என்றே சொல்கிறார்கள். எனக்கு வழிச்சோறு போதும்.

நியமனக் கடிதத்துக்கு ஏற்ற சொல் குறளிலேயே இருக்கிறது. 449ஆம் குறளில் ஊதியம் என்பது முதல் போட்டவன் அடையும் ஆதாயம். இன்று அது உழைப்பை முதலாகப் போட்டவர் பெறுவதற்கும் ஆகி வந்திருக்கிறது. கடிதம் எழுதும் அலுவலகத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: கை போனவருக்கு இழப்பீடு கொடுங்கள், வேலைக்கு வருகிற பெண்ணுக்கு ஊதியம் கொடுங்கள்.