கறி வந்த வழி: வளர்ப்பு நாய்க்குப் பச்சை இறைச்சி ஊட்டும் வாதம் தரமணியில் எந்த அளவுக்குச் செல்லும்

வளர்ப்பு நாய்க்கும் பூனைக்கும் கடையில் விற்கும் பொட்டலத் தீனியை நிறுத்திவிட்டு, சமைக்காத தசைக்கறி, எலும்பு, ஈரல், சிறிதளவு காய்கறி ஆகியவற்றை வீட்டிலேயே கலந்து கொடுக்க வேண்டும் என்னும் கருத்துக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர், 1993-இல் இதற்கென ஒரு நூலை வெளியிட்ட ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட். அக்கருத்து இன்று சென்னையின் தென்பகுதியிலும், தரமணி, வேளச்சேரி, அடையாறு போன்ற இடங்களின் அடுக்குமாடி வீடுகளிலும் ஆதரவாளர்களைப் பெற்றிருக்கிறது. இதைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் ‘நாய்க்கு எது இயற்கை உணவு’ என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே நடக்கிறது. ஆனால் ஒரு தட்டில் வைக்கப்படும் கறி நல்லதா கெட்டதா என்பதை முடிவு செய்வது நாயின் முன்னோர் வரலாற்றைக் காட்டிலும், அந்தக் கறி பண்ணையிலிருந்து அத்தட்டுக்கு வந்து சேர்ந்த வழியே என்பதும், அந்த வழியைக் கணக்கில் கொண்டால் தரமணியில் பச்சை இறைச்சி தவிர்க்கப்பட வேண்டியது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முன்னோர் வரலாற்றை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நாய் வீட்டுக்குள் வந்த ஓநாய், ஆகவே ஓநாயின் உணவே நாயின் உணவு என்கிறது பச்சை இறைச்சித் தரப்பு. 2013-இல் நேச்சர் இதழில் எரிக் ஆக்ஸல்சனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட மரபணு ஆய்வு இதற்கு நேர் மறுப்பாக அமைந்தது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமைலேஸ் என்னும் நொதியைக் கணையத்தில் உண்டாக்கும் மரபணு ஓநாயிடம் 2 படிகளாக மட்டுமே இருக்க, நாய்களிடம் அது 4 முதல் 30 படிகள் வரை பெருகியிருப்பதை அவ்வாய்வு காட்டியது. உழவு செய்யாத மக்களோடு வாழ்ந்த ஆஸ்திரேலிய டிங்கோவிடம் இப்பெருக்கம் காணப்படாததால், மனிதரின் தானிய உணவோடு ஒட்டி வாழ்ந்ததே இம்மாற்றத்துக்குக் காரணம் என்று கொள்வதற்கு வலுவான இடமுண்டு. ஆய்வுக்கூடம் அண்மையில் கண்ட இச்செய்தி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. முயல் வேட்டைக்குப் பழக்கப்பட்ட சிப்பிப்பாறை, கன்னி நாய்களும், 2005-இல் அஞ்சல் தலையில் இடம்பெற்ற ராஜபாளையம் நாயும் வேட்டையில் பங்கு பெற்றாலும், அன்றாடம் கம்பங்கூழும் சோளக்கூழும் பழைய சோறும் தின்று வளர்ந்தவையே. அந்த மெலிந்த, விரைந்தோடும் உடல்வாகைக் கூழ் கெடுத்துவிடவில்லை.

பச்சை இறைச்சித் தரப்பின் இன்னொரு காலூன்றல், பொட்டலத் தீனியின் மீதுள்ள அவநம்பிக்கை. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. 2007-இல் அமெரிக்காவில் பல நிறுவனங்களின் நாய், பூனைத் தீனிகள் திரும்பப் பெறப்பட்டன. புரத அளவைக் கணக்கிடும் வழக்கமான சோதனை உண்மையில் நைட்ரஜனையே அளக்கிறது என்பதைப் பயன்படுத்திக்கொண்டு, சீனாவிலிருந்து சென்ற கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்ற நைட்ரஜன் மிகுந்த வேதிப்பொருள் கலக்கப்பட்டிருந்தது. அது சிறுநீரகத்தில் படிகங்களாகப் படிந்து நாய்களையும் பூனைகளையும் கொன்றது. இந்தியாவில் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் ‘உணவு’ என்பதற்குத் தரும் விளக்கத்திலிருந்தே விலங்குத் தீனியை நீக்கிவிடுகிறது. மனித உணவின் மீது அச்சட்டம் செலுத்தும் கண்காணிப்பு பொட்டலத் தீனியின் மீது இல்லாத நிலையில், வாங்குபவர் தயங்குவது நியாயமே. ஆனால் அந்தத் தயக்கம் பொட்டலத்துக்கு மாற்றைத் தேடச் சொல்கிறதே ஒழிய, மாற்று சமைக்கப்படாததாக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதில்தான் அத்தரப்பின் வாதம் வழுக்குகிறது.

இனிக் கறியின் வழி. சென்னையின் தெருவோரக் கடையில் பிராய்லர் கோழி பெரும்பாலும் வாங்குபவரின் கண்முன்னே அறுக்கப்படுகிறது. கண்முன் அறுத்த கோழியைவிடப் புதியது வேறில்லை என்ற எண்ணம் மக்களிடம் ஆழமாக இருக்கிறது. சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற நுண்ணுயிரிகள் நோயின் குறி எதுவுமில்லாமலேயே கோழியின் குடலில் வாழக்கூடியவை. குடலை உருவும்போது அவை தசைக்குப் பரவுகின்றன. ஒரே அடிமரம், ஒரே கத்தி, ஒரே வாளித் தண்ணீர் என்று அடுத்தடுத்த கோழிகளுக்கும் செல்கின்றன. ஆகவே ‘புதியது’ என்பதும் ‘தூயது’ என்பதும் இங்கே வெவ்வேறு செய்திகள். கறிக்குழம்புக்கு வாங்குபவருக்கு இது பெரிய தீங்கு செய்வதில்லை, ஏனெனில் கொதி அந்த நுண்ணுயிரிகளைக் கொன்றுவிடுகிறது. இந்தக் கறிக்கடை முறை முழுவதும், கறி அடுப்பேறும் என்ற எதிர்பார்ப்பின் மீதே நிற்கிறது. அந்த ஒரு படியை நீக்குபவர், முறையின் ஒரே பாதுகாப்பை நீக்குகிறார்.

குளிர்பதனச் சங்கிலி, அதாவது அறுத்த இடம் முதல் வீடு வரை கறியைச் சுமார் 4 பாகை செல்சியசுக்கு மேற்படாமல் கொண்டுசெல்லும் ஏற்பாடு, உறுதியாக உள்ள நாடுகளிலும் நிலைமை தேறுதல் தருவதாக இல்லை. நெதர்லாந்தில் விற்பனையான 35 உறைபனிப் பச்சைத் தீனிகளைச் சோதித்து 2018-இல் வெளியான ஆய்வில் 7-இல் சால்மொனெல்லாவும், 19-இல் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸும் இருந்தன. அவற்றுள் 28-இல், பல நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைச் சிதைக்கும் நொதியை உண்டாக்கும் ஈ. கோலை இருந்தது. உறைய வைப்பது பாக்டீரியாவின் பெருக்கத்தை நிறுத்துகிறதே தவிர அவற்றை ஒழிப்பதில்லை. 2003 மே 31 அன்று 45 பாகையைத் தொட்ட சென்னையில், பையில் தொங்கி வரும் கறியின் கதி எளிதில் ஊகிக்கக்கூடியது.

மருந்துக்கு அடங்காத நுண்ணுயிரி என்ற பேச்சு தரமணிக்குத் தொலைவான செய்தி அன்று. கார்பபீனம் என்னும் இறுதிக்கட்ட மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 என்ற நொதியின் பரவலைப் பற்றி 2010-இல் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, தரமணி வளாகத்தில் இயங்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஏ.எல்.எம். முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர். அந்நொதி கொண்ட நுண்ணுயிரிகள் 44 சென்னையிலிருந்து மட்டும் அதில் பதிவாயின. அவை நோயாளிகளிடம் கிடைத்தவை, கோழிக்கறியில் கிடைத்தவை அல்ல என்பதை மறக்கக் கூடாது. எனினும் பண்ணைக்கும் மருத்துவமனைக்கும் இடையே சுவர் இல்லை என்பதை அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. மனிதருக்குக் கடைசி மருந்தாக வைக்கப்பட்ட கொலிஸ்டினை உணவுக்கான விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் கொடுப்பதை 2019-இல் நடுவண் சுகாதார அமைச்சகம் தடை செய்தது. அதுவரை கோழித்தீவனத்தில் அது சேர்க்கப்பட்டுவந்தது என்பதே தடையின் பொருள்.

நாய்க்கு இதனால் வயிற்றுப்போக்குகூட வராமல் போகலாம் என்பது உண்மை. பச்சை இறைச்சித் தரப்பு திரும்பத் திரும்பச் சொல்லும் சான்றும் இதுவே. ஆனால் நோயுறாத நாயும் நுண்ணுயிரியை மலத்தில் வெளியிடுகிறது. கனடாவில் 2002-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், பச்சைக் கோழி தின்ற 10 நாய்களின் தீனி மாதிரிகளில் 80 சதவீதத்திலும், மல மாதிரிகளில் 30 சதவீதத்திலும் சால்மொனெல்லா இருந்தது. ஆட்டு ஈரலையும் நுரையீரலையும் பச்சையாகப் போடுவது இன்னும் மோசம். அவற்றில் இருக்கக்கூடிய எக்கினோகாக்கஸ் நாடாப்புழுவின் நீர்க்கட்டிகளைத் தின்ற நாயின் குடலில் புழு வளர்ந்து, அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறி மனிதரை அடைந்தால், மனிதரின் ஈரலில் ஆண்டுக்கணக்கில் கட்டி வளர்கிறது. கிண்ணத்தைக் கழுவுபவரும் தரையைத் துடைப்பவரும் பல வீடுகளில் வீட்டு வேலைக்கு வரும் பெண்களே. நாயின் உணவைத் தேர்ந்தெடுத்ததில் அவர்களுக்குப் பங்கில்லை, ஆனால் இடரில் முதல் பங்கு அவர்களுக்கே. இயற்கை உணவு பற்றிய விவாதங்களில் இவர்களுக்கு இடமே கிடைக்காதது வருத்தத்துக்குரிய குறை.

ஆகவே இவ்வூருக்குப் பொருந்துவது வீட்டில் சமைத்த உணவு. ஆனால் அதற்கும் கணக்கு வேண்டும். அமெரிக்காவில் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்து 2013-இல் வெளியான முடிவுகளின்படி, 95 சதவீதக் குறிப்புகளில் குறைந்தது ஒரு இன்றியமையாச் சத்தாவது போதவில்லை. மயிலாப்பூர், அடையாறு வீடுகளில் நாய்க்கு நாள்தோறும் தயிர்ச்சோறு வைப்பதும், எலும்பில்லாத கோழியும் சோறும் மட்டுமே வைப்பதும் இதே குறைக்கு எடுத்துக்காட்டுகள். எலும்பு நீக்கிய கோழிக்கறியில் கால்சியத்தைப் போல 15 மடங்குக்கும் மேல் பாஸ்பரஸ் இருக்கிறது. வளரும் குட்டிக்கோ கால்சியம் பாஸ்பரஸைவிடக் குறையாமல் கிடைக்க வேண்டும். கிடைக்காதபோது உடல் தன் எலும்பையே கரைத்து ஈடுகட்டுவதால் கால்கள் வளைகின்றன, சிறு குதிப்பிலும் எலும்பு முறிகிறது. இதற்குத் தீர்வு கடினமானதன்று. நன்கு காய்ச்சி உலர்த்திப் பொடித்த ஒரு கோழி முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் உண்டு. எத்தனை கறிக்கு எவ்வளவு பொடி என்பதைக் குட்டியின் எடைக்கேற்ப வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் கேட்டுத் தெரிந்துகொள்வதே முறை. வெந்த எலும்பு சில்லுகளாகப் பிளந்து குடலைக் கிழிக்கும் என்பதால் எலும்பை மட்டும் வேகவைத்துப் போடக் கூடாது.

பூனையின் நிலை வேறு. அது முழு ஊனுண்ணி. டாரின் என்னும் அமினோ அமிலத்தைத் தேவையான அளவு தானே ஆக்கிக்கொள்ள அதனால் முடியாது. டாரின் குறைவால் பூனையின் இதயத்தசை விரிந்து தளர்கிறது என்பது 1987-இல் நிறுவப்பட்ட பின்னரே தொழிற்சாலைத் தீனிகளில் அது உரிய அளவில் சேர்க்கப்பட்டது. பச்சைக்கறியில் டாரின் உண்டு என்பதைக் காட்டிப் பூனைக்காவது விலக்குக் கேட்பவர்கள், பறவைக் காய்ச்சலையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2004-இல் தாய்லாந்தின் சிராச்சா புலிப் பண்ணையில் பச்சைக் கோழி தின்ற 441 புலிகளில் 147, எச்5என்1 வைரஸால் இறந்தன அல்லது கொல்லப்பட்டன. வீட்டுப் பூனையும் அதே குடும்பம், அதே வைரஸுக்கு இரை. தரமணிப் பூனைக்கு டாரின் சேர்த்ததென்று அட்டையில் குறிக்கப்பட்ட தீனியே இன்றைக்குப் பாதுகாப்பான அடிப்படை. மேலதிகமாகக் கோழியோ மீனோ கொடுப்பவர், டாரின் வேகும் நீரில் இறங்கிவிடும் என்பதால், அந்த நீரை வடித்துக் கொட்டாமல் உப்பும் வெங்காயமும் சேராத நிலையில் கறியோடு சேர்த்தே வைக்க வேண்டும்.