கீழ்ப்பாக்கத்துக்கு வடக்கே

காலடிப்பேட்டைத் தெருக்களில் ‘கவுன்சிலிங்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது பொறியியல் சீட்டுதான். கட்-ஆஃப் எவ்வளவு, எந்தக் கல்லூரி கிடைக்கும், ஃபீஸ் கட்ட முடியுமா. கல்லூரிக்குள் நுழைய நடப்பது கவுன்சிலிங். நுழைந்த பிறகு ஒரு பெண் தூக்கமில்லாமல், சாப்பிடாமல், வகுப்பில் வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தால் அதற்கு நெடுங்காலமாக நம் ஊரில் இருந்தது ஓர் ஊர்ப்பெயர் மட்டும்: கீழ்ப்பாக்கம். கேலியாகவும் மிரட்டலாகவும் அதைச் சொல்வார்கள். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் அதை உச்சரிக்கவே மாட்டார்கள்.

அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது கம்பெனி காலத்து வரலாறு. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலட், நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய ஊர் காலட் பேட்டை. நம் நாக்கில் அது காலடிப்பேட்டை ஆனது. தறிக்கு ஆள் வேண்டும் என்பதால் பிறந்த ஊர் இது. சென்னையில் மனநோயாளிகளுக்கென்று ஒரு விடுதி வந்தது 1794இல். அதைத் தொடங்கியவர் வாலண்டைன் கானலி என்ற மருத்துவர். 1871இல் அது கீழ்ப்பாக்கத்துக்குப் பெரிய மதிலோடு இடம் மாறியது. மதிலுக்கு உள்ளே பைத்தியம், வெளியே மற்றவர்கள் என்ற பிரிவினை ஊரார் மனதில் ஆழமாக விழுந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் நின்று அழும் ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அந்தப் பிரிவினையில் இடமே இல்லை.

மதிலில் கதவு வைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னையில் சமூகப்பணிக் கல்லூரியைத் தொடங்கினார். துயரத்தில் இருப்பவரோடு பேசுவது இரக்க குணம் மட்டுமல்ல, கற்றுக்கொண்டு செய்யவேண்டிய வேலை என்ற எண்ணம் இங்கே வேர்விட அதுவும் ஒரு காரணம். 1961இல் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளரானார் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுபவர். 1978 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். உள்ளே சேராமலேயே வந்து பார்த்துவிட்டுப் போகும் புறநோயாளர் சிகிச்சையை அவர் வளர்த்தார். சின்ன நிர்வாக மாற்றம் போலத் தோன்றலாம். ஆனால் காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம் என்பதே எத்தனை பெண்களுக்கு முதல்முறையாக வழி திறந்திருக்கும்!

இன்னொரு கதை இங்கிலாந்தின் லிங்கன் நகரில் தொடங்குகிறது. 1935இல் சாட் வாரா என்ற இளம் பாதிரியார் 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் இறுதிச் சடங்கை நடத்தினார். வயதுக்கு வந்ததை ஏதோ அசிங்கமான நோய் என்று பயந்து, கேட்பதற்கு ஆளில்லாமல் அவள் உயிரை விட்டிருந்தாள். அந்த நினைவோடுதான் அவர் 1953இல் சமாரிட்டன்ஸ் அமைப்பைத் தொடங்கினார். உலகெங்கும் உள்ள தற்கொலைத் தடுப்புத் தொலைபேசிகளுக்கு மூலம், மாதவிடாயைப் பற்றி யாரும் சொல்லித்தராத ஒரு பெண்குழந்தை. மனநல வரலாறு எழுதுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நமக்கு இதுதான் மையம்.

அந்த மரபில் 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் ‘ஸ்நேகா’வைத் தொடங்கினார். தன்னார்வலர்கள் கேட்பார்கள், தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், பெயரைச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. ஒவ்வொரு ஆண்டும் பிளஸ் டூ முடிவு வரும் நாட்களில் அழைப்புகள் குவியும். அதைப் பார்த்த ஸ்நேகா, காது கொடுத்துக் கேட்பதோடு நிற்கவில்லை. தோற்றவர்கள் ஓராண்டை இழக்காமல் உடனே மறுபடி எழுதத் துணைத்தேர்வு வேண்டும் என்று வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் அது நடைமுறைக்கும் வந்தது. ஆயிரம் ஆறுதல் வார்த்தையைவிட ஒரு தேர்வு அட்டவணை அதிகம் செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆலோசனை என்றால் அழுகிறவளை மாற்றுவது மட்டுமல்ல, அழவைப்பதையும் மாற்றுவது.

வடசென்னைக்கு இதெல்லாம் எப்படி வந்து சேர்ந்தது? 1964இல் தொடங்கிய பாரதி மகளிர் கல்லூரி, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பெண்களுக்குப் பட்டத்தின் வாசல். மீன்பிடித் துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைக்கும் வீடுகளின் முதல் பட்டதாரிகள் பலர் அங்கே படித்தவர்கள். 2022 செப்டம்பர் 5 அன்று புதுமைப்பெண் திட்டம் தொடங்கப்பட்டதும் அதே கல்லூரியில்தான். மாதம் 1000 ரூபாய். அந்தப் பணம் அவள் கையில் நேராக விழுவதையும் மனநலத் திட்டமாகவே நான் எண்ணுகிறேன். பஸ் பாஸுக்கும் நாப்கினுக்கும் அண்ணனிடம் கையேந்தாமல் இருப்பது சாதாரண விஷயமா? அதே ஆண்டு டிசம்பரில் மருத்துவ மாணவர்களுக்காக ‘மனம்’ என்ற மன்றங்களை அரசு தொடங்கியது. கலைக்கல்லூரிப் பெண்ணுக்குக் கிடைத்தது 104, 14416 என்ற எண்கள்.

இலவச எண்தான். ஆனால் எங்கிருந்து பேசுவாள்? ஒற்றை அறை வீட்டில் அப்பா நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்குகிறார், அம்மா சமைக்கிறாள், தம்பி கையில் போன். மாடிக்குப் போனால் பக்கத்து வீட்டு அக்கா துணி உலர்த்துகிறாள். கல்லூரி வளாகத்தில், ‘ஆலோசனை மையம்’ என்று பெரிய பலகை இல்லாத, சாத்திக்கொள்ளக்கூடிய ஓர் அறை ஏன் தேவை என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 17 வயதுப் பெண்ணின் மரணம் தொடர்பான வழக்கில், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிலையங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்கவேண்டும் என்றது. ஆயிரக்கணக்கில் பெண்கள் படிக்கும் அரசுக் கல்லூரியில் அந்த ‘ஒருவராவது’ எத்தனை பேராக வேண்டும், அது நிரந்தரப் பணியிடமா, இல்லை கௌரவ விரிவுரையாளர்களைப் போல மாதச் சம்பளத்துக்கே காத்திருக்கும் இன்னொரு பெண்ணா என்பதெல்லாம் இனி அரசாணைகளில் பார்க்கவேண்டியவை.