பர்கர் வேகாததற்கு யார் பொறுப்பு?

பர்கர் கறி உள்ளே 71 டிகிரி செல்சியஸ் சூடாகும்வரை வேக வேண்டும் என்கிறது அமெரிக்க அரசு. முழுக் கறித்துண்டில் கிருமி பெரும்பாலும் மேல்பக்கத்தில்தான் இருக்கும், சுட்டால் செத்துவிடும். கறியை அரைத்தால் அது உள்ளே கலந்துவிடும். ஐந்தில் ஒரு பங்கு கொழுப்புள்ள கறியைக் கரண்டியால் அழுத்தாமல் சுட்டால், நன்றாக வெந்தும் சாறு வற்றாது.

ஆனால் கிருமிக்குப் பொறுப்பு சமைப்பவர் மட்டும்தானா? சால்மோனெல்லா கிருமி பற்றிக் கறிப் பொட்டலத்தில் எச்சரிக்கை அச்சிடக் கோரிய வழக்கில், சரியாகச் சமைக்க வீட்டுப் பெண்களுக்குத் தெரியும் என்று கூறி 1974இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

1993இல் ‘ஜாக் இன் தி பாக்ஸ்’ உணவகங்களின் சரியாக வேகாத பர்கரால் 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், 4 குழந்தைகள் இறந்தனர். பெற்றோர்கள் அமைப்பாகத் திரண்டு போராடினார்கள். 1994இல், ஈ.கோலை ஓ157 கிருமி உள்ள அரைத்த மாட்டுக்கறி விற்கத் தகாதது என அரசு அறிவித்தது. அதை எதிர்த்து வழக்குப் போட்ட வணிகர் சங்கங்கள் தோற்றன.

பாதிக்கப்பட்டவரையே குற்றம் சொல்லும் குரல் நமக்குப் புதிதல்ல. கறியை நன்றாகவே சுடுவோம். அதோடு, கிருமியை உள்ளே விட்டவர் யார் என்றும் கேட்போம்.