அட்டையின் ஓரத்தில் பேத்தமங்களா

பழைய பட அஞ்சலட்டைகளைச் சேகரிப்பவர்களிடம் கோலார் தங்கவயலைக் கேட்டால் கட்டாக எடுத்து வைப்பார்கள். ஷாஃப்ட்டின் தலையில் சுழலும் பெரிய சக்கரம், வரிசையாக நிற்கும் ஆலைக் கொட்டகைகள், வேப்பமர நிழலில் துரைமார் பங்களா, கிளப், தேவாலயம் எல்லாம் அதில் இருக்கும். பக்கத்து ஊரான பேத்தமங்களாவைக் கேட்டால் கையை விரித்துவிடுவார்கள். ஏரியைக் காட்டும் அட்டை எப்போதாவது ஒன்று அகப்படும். ஊர்த்தெருவும் சந்தையும் அகப்படா. இத்தனைக்கும் அந்தப் பங்களாக்களில் குடித்ததும் குளித்ததும் இந்த ஏரித் தண்ணீரில்தான்.

படம் இல்லாத ஊரைப் படங்களைக் கொண்டே எப்படிப் பார்ப்பது? முடியும் என்பது என் கட்சி. அதற்கு முதலில் இந்த அட்டைகளை எடுத்தது யார், வாங்கியது யார் என்று கேட்க வேண்டும்.

நம் நாட்டில் அஞ்சலட்டை 1879 ஜூலை 1 அன்று புழக்கத்துக்கு வந்தது. விலை காலணா. அது வெறும் அட்டை, படம் கிடையாது. படம் போட்ட அட்டைகள் அந்த நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் தலைகாட்டி, 1900க்குப் பிறகு ஒரு மோகமாகவே பரவின. தென்னாட்டில் சென்னை ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையும், வீலே அண்ட் க்ளீன் புகைப்பட நிலையமும் இந்த வியாபாரத்தில் பெயர் பெற்றவை. இங்கே எடுத்த படங்களில் பல ஜெர்மனிக்குக் கப்பலேறி, அங்கே அச்சாகி, இங்கே விற்பனைக்குத் திரும்பின. பிறகு ஏழாம் எட்வர்டின் தலை பொறித்த ஓரணாச் சிவப்புத் தபால்தலையோடு மறுபடி கப்பலேறின. தொடக்க கால அட்டைகளில் பின்பக்கம் முழுவதும் விலாசத்துக்கே உரியது. ஆகவே சொல்ல வந்ததைப் படத்தின் கீழே விட்ட வெள்ளை ஓரத்தில் நுணுக்கி எழுத வேண்டியிருந்தது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். தங்கவயலில் அவர்களுள் ஒரு பெரும் பங்கு, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர்களும், கேப்டன் என்று அழைக்கப்பட்ட சுரங்க மேலாளர்களும். நான் வேலை செய்யும் இடம் இது, குடியிருக்கும் வீடு இது என்று ஊரிலிருக்கும் தாய்க்கும் மனைவிக்கும் காட்டத்தான் அட்டை. அதில் பேத்தமங்களாவின் மளிகைக்கடைக்கு என்ன இடம்?

இன்னொரு காரணம் ரயில். சென்னையிலிருந்து பெங்களூர் போகும் பழைய சாலையில் பேத்தமங்களா ஒரு தங்குமிடம். வண்டி மாடுகள் அவிழ்த்துக் கட்டும் ஊர். 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் வண்டிப் போக்குவரத்து அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. ரயில் நிலையத்தை ஒட்டி எழுந்த புது ஊருக்கு அன்றைய மைசூர்க் கமிஷனர் பவுரிங்கின் பெயரை வைத்தார்கள். அந்தப் பவுரிங்பேட்டைதான் இன்றைய பங்காருப்பேட்டை. 1894இல் அங்கிருந்து மாரிக்குப்பம் வரை பத்து மைலுக்குக் கிளைப்பாதை போட்டார்கள். புகைப்படக்காரர் கண்ணாடித் தட்டுகளையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு ரயிலில்தான் வருவார். ரயில் நிற்கிற இடத்தில் இறங்குவார். பேத்தமங்களாவுக்கு ரயில் இல்லை.

ஆனால் தண்ணீர் இருந்தது. தங்கம் கிடைத்த மேட்டில் அதுதான் இல்லை. நந்திமலைப் பக்கம் பிறந்து வரும் பாலாற்றைக் குறுக்கே மறித்துக் கட்டிய ஏரி பேத்தமங்களா ஏரி. ஊரின் பழைய பெயர் விஜயாதித்தமங்கலம். பாண அரசன் ஒருவன் பெயரால் வந்தது. பாணர் காலத்து ஏரியை நுளம்பர் காலத்திலும் போசளர் காலத்திலும் பழுது பார்த்த செய்தியைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. பி. எல். ரைஸ் இப்பகுதிக் கல்வெட்டுகளைத் தொகுத்து, கோலார் மாவட்டத்துக்கென்று தனித் தொகுதியாக 1905இல் வெளியிட்டார். அதைப் புரட்டினால் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் கணக்கில்லாமல் வருகின்றன. கோலார்ச் சீமையில் தமிழ் ஏதோ சுரங்கக் கூலிகளோடு மூட்டை கட்டிக்கொண்டு வந்து இறங்கியதாக இன்றும் சிலர் பேசுகிறார்கள். அவர்கள் கோலாரம்மன் கோயில் சுவரை ஒருமுறை சுற்றி வரலாம்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இந்த ஏரித் தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய் வழியே ஐந்தாறு மைல் தள்ளித் தங்கவயலுக்கு ஏறியது. அதற்கான தேவை பெரிது. 1901 மக்கள்தொகைக் கணக்கில் தங்கவயலில் 38,204 பேர். மைசூர் சமஸ்தானத்தில் அத்தனை பேர் கூடி வாழ்ந்த ஊர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் மூங்கில் தட்டி வீடுகளில் நெருக்கியடித்துக் கிடந்தன. நாட்டில் பிளேக் பரவிய காலம் அது. சுரங்க எல்லைக்கு வெளியே ஒழுங்காகத் தெரு வகுத்து எழுப்பிய புது ஊருக்கு மைசூர் ரெசிடெண்ட் டொனால்டு ராபர்ட்சனின் பெயர் நிலைத்தது. அந்த ராபர்ட்சன்பேட்டையின் நேரான தெருக்களை அட்டைகளில் பார்க்கலாம்.

பாலாற்றுக்கு இன்னொரு முகமும் உண்டு. 1903 நவம்பரில் மைசூர்ப் பக்கத்து ஏரிகள் உடைந்து வந்த வெள்ளம் கீழே வாணியம்பாடியை வாரிக்கொண்டு போனது. தங்கவயல் தொழிலாளர்களில் பலருக்குச் சொந்த ஊர் அந்த ஆற்றங்கரைதான். மேலே அவர்கள் குடித்த ஆறு கீழே அவர்கள் உறவினரைக் கொன்றது. சுரங்கக் கம்பெனிகளின் ஆண்டிறுதி இலாபக் கணக்கில் இதெல்லாம் வராது.

தேதி போடாத படங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு ஒன்றிரண்டு வழி சொல்கிறேன். 1902 ஜூன் 30 அன்று காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. அதற்கு முன் எல்லாமே நீராவி. விறகும் நிலக்கரியும் எரித்த நீராவி. ஆகவே மின்கம்பம் தென்பட்டால் படம் 1902க்குப் பிந்தியது. புகைபோக்கியை மட்டும் நம்பக் கூடாது. மின்சாரம் வந்த மறுநாளே அவற்றை யாரும் இடித்துவிடவில்லை. இன்னொரு சாட்சி சயனைடு மண்மேடு. பொன் பிரித்தபின் மிஞ்சிய சாம்பல் நிறப் பொடியைக் கொட்டிக் கொட்டி எழுந்த அந்தக் குன்றுகள் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தன. ஒரே கோணத்தில் எடுத்த இரண்டு படங்கள் கிடைத்தால் மேட்டின் உயரத்தைப் பார்த்தே எது முந்தியது என்று சொல்லிவிடலாம். சுற்றுப்புறக் குன்றுகளில் மரம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதும் ஒரு கணக்கு.

இனி ஆட்களைப் பார்ப்போம். சுரங்க வாசலில் எடுத்த குழுப்படங்களுக்கு ஒரு வாய்பாடு உண்டு. நடுவில் நாற்காலியில் தொப்பி போட்ட துரை, கால்மேல் கால். பக்கத்தில் கோட்டும் தலைப்பாகையுமாக மேஸ்திரி. பின்னால் இரண்டு மூன்று வரிசையில் முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டிய வேட்டியோடும் வெறுங்காலோடும் தொழிலாளர்கள். படத்தின் அடியில் துரையின் பெயர் இருக்கும்; மற்றவர்கள் கூலிகள் என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவார்கள். இயந்திரத்தை எடுத்த படங்களில் இன்னும் மோசம். இயந்திரம் எவ்வளவு பெரியது என்று பார்ப்பவருக்கு விளங்க, அளவுகோலாக ஓர் ஆளை அருகில் நிறுத்தியிருப்பார்கள். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு நடுவைத் தவிர்த்துவிட்டு ஓரத்தைப் பாருங்கள். அங்கேதான் தலையில் கூடையோடு போகிறவள் பாதியில் வெட்டுப்பட்டிருப்பாள். அசையாமல் நிற்கத் தெரியாத பையன் மங்கிய நிழலாகப் பதிந்திருப்பான். புகைப்படக்காரர் கேட்காமல் உள்ளே வந்துவிட்ட இவர்கள்தான் எனக்கு அந்தக் கால ஊர் வாழ்க்கைக்குச் சாட்சி. பேத்தமங்களாச் சந்தையிலும் இதே தலைப்பாகைகள்தான், இதே கூடைகள்தான்.

பெயரில்லாமல் எண்ணாக இருந்ததைத் தொழிலாளர்கள் சும்மா ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 1930இல் கைரேகை எடுத்துப் பதிவு செய்ய நிர்வாகம் முனைந்தபோது ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். திருடர்களிடம் எடுப்பதை எங்களிடம் ஏன் எடுக்கிறீர்கள் என்பதே அவர்கள் கோபம். அதற்கு முன்பே அவர்களுக்கு எழுத்தும் அச்சும் கைவந்திருந்தன. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழ’னுக்குத் தங்கவயலில் ஊன்றிய வாசகர்கள் இருந்தார்கள். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கங்கள் நடந்தன. 1914இல் பண்டிதர் மறைந்தார். பின்னர் 1926இல் ‘தமிழன்’ ஜி. அப்பாதுரையாரின் ஆசிரியப் பொறுப்பில் தங்கவயலிலிருந்தே மறுபடி வெளிவந்தது. அஞ்சலட்டையில் பெயர் இல்லாத மக்கள், பத்திரிகையில் கையெழுத்துப் போட்டு வாதம் செய்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்காத எந்தத் தங்கவயல் வரலாறும் பாதி வரலாறுதான்.

காசு கொஞ்சம் சேர்ந்தபோது இவர்களும் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். தீட்டிய திரைச்சீலை, மேலே பூச்சாடி வைத்த முக்காலி, ஒரு கை அதன்மேல். மற்றொரு கையில் புத்தகம் அல்லது குடை. கைக்கடிகாரம் வந்த பிறகு, அது தெரியும்படி சட்டைக்கையைச் சற்றே மேலேற்றிக்கொண்டார்கள். இந்தப் படங்களில் யாரும் யாருக்கும் அளவுகோல் இல்லை. கல்யாணமான புதிதில் எடுத்தது, பிள்ளைக்கு மொட்டை போட்டபோது எடுத்தது, இறந்தவரைச் சாய்த்து உட்காரவைத்து எடுத்தது என்று வீட்டுக்கு வீடு இருந்தன. சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டபின் குடும்பங்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் வேலை தேடிப் போயின. தினமும் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூர் போய் இரவில் திரும்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வீடு மாறும்போது முதலில் தொலைவது இந்தச் சட்டம் போட்ட படங்கள்தாம். கண்ணாடி உடையும், கரையான் அரிக்கும், படத்தில் இருப்பவர் யார் என்று தெரிந்த கடைசிக் கிழவியும் போய்விடுவாள்.

இம்மலரைப் படிக்கும் பேத்தமங்களா, தங்கவயல் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். பரண்மேல் கிடக்கும் படங்களை இறக்குங்கள். வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, இது யார், எந்த ஷாஃப்ட்டில் வேலை பார்த்தார், எந்த லைனில் குடியிருந்தார் என்று கேளுங்கள். சொல்வதைப் படத்தின் பின்புறம் பென்சிலால் மெதுவாக எழுதி வையுங்கள். பேனா மை காலப்போக்கில் முன்பக்கம் ஊறிவிடும். படத்தை நகலெடுக்கும்போது பின்பக்கத்தையும் சேர்த்தே எடுங்கள். ஸ்டூடியோவின் முத்திரை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பேத்தமங்களா ஏரிக்கரைக்கு ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோற்றோடு போய் எடுத்த படம் யாரிடமாவது இருந்தால், அதன் நகலை மலர்க்குழுவுக்கு அனுப்பி உதவ வேண்டும்.